கஞ்சித்தொட்டியும் அன்னசத்திரமும்

வடசென்னையில், இராயபுரமும் பழைய வண்ணாரப்பேட்டையும் கூடுமிடத்தில், ஸ்டான்லி மருத்துவமனை என்னும் பெரிய மருத்துவ நிலையம் ஒன்று உள்ளது. அப்பகுதியில் வாழ்ந்த முதியோர் அதனை அப்பெயரால் அழைப்பது அரிது. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பதே அவர்கள் நாவில் வழங்கிய பெயர். மருந்து வழங்கும் இடத்திற்குக் கஞ்சியின் பெயர் வந்தது எவ்வாறு? அதனை ஆராயப் புகுந்தால், வழிப்போக்கருக்கு உணவும் உறையுளும் அளித்த நம் சத்திரங்களின் வரலாறே கண்முன் விரியக் காண்போம்.

விருந்தினரைப் பேணுதல் தமிழர்க்குப் பழைய அறம். திருவள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். சங்க நூல்களுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் என்னும் வள்ளலின் நாட்டு வழியே செல்லும் பாணனுக்கு ஊர்தோறும் கிடைக்கும் உணவை வரிசைப்படுத்திக் கூறுகிறது. கடற்கரைப் பட்டினத்தில் நுளையர் காய்ச்சிய மதுவும் சுட்ட உலர்மீனும் கிடைக்கும். வேலூரில் எயினர் குடியிற் புளியிட்டுச் சமைத்த சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரிலோ உலக்கையாற் குற்றிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். நிலம் மாற, உணவும் மாறுகிறது. ஆயினும் வந்தவனை உண்பிக்கும் உள்ளம் மட்டும் எங்கும் மாறவில்லை.

பிற நாடுகளிலும் வழிப்போக்கர் விடுதிகள் இருந்தன. ஐரோப்பாவின் நடுவே மலைகள் சூழ்ந்த ஆஸ்திரிய நாட்டில், சிற்றூர் தோறும் உள்ள உணவு விடுதிகள் அவ்வவ் வட்டாரத்துச் சமையலுக்குப் பெயர் பெற்றவை. 1784ஆம் ஆண்டில் இரண்டாம் ஜோசப் என்னும் பேரரசர், திராட்சைத் தோட்டக்காரர் தாம் விளைவித்த மதுவையும் உணவையும் தம் இல்லத்திலேயே விற்கலாம் என ஆணையிட்டார். விற்பனை நடைபெறும் நாளில் வாயிலில் ஒரு தழைக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுவது இன்றும் அவர்கள் வழக்கம். அத்தழையைக் கண்டவன் உள்ளே நுழையலாம்; உண்ணலாம்; உண்டதற்கு விலை தரவேண்டும். அங்கு விருந்தோம்பல் மதிப்புமிக்கதொரு தொழிலாக வளர்ந்தது. நம் நாட்டிலோ அது பெரும்பாலும் அறமாகவே வளர்ந்தது. விலை வாங்காமல் உணவளிப்பதே சத்திரத்தின் இலக்கணம். ஆங்கிலேயர் அதனைச் ‘சௌல்ட்ரி’ என்றனர். நம் ‘சாவடி’ என்னும் சொல்லின் திரிபே அது என்பர் அறிஞர்.

திண்ணையும் முற்றமும், கிணறும் மடைப்பள்ளியும் உடையதாய்ப் பெருவழியின் ஓரத்தில் அமைவது சத்திரம். அரசரும் வணிகரும் அதற்கு நிலங்களை மானியமாக விட்டனர். அந்நிலத்தின் விளைவே அடுப்பை அணையாமற் காத்தது. மதுரையில் இராணி மங்கம்மாளின் பெயரால் விளங்கும் சத்திரத்தை அறியாதார் இலர். தஞ்சை மராட்டிய மன்னர் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்களை நிறுவினர். 1801ஆம் ஆண்டில், அச்சத்திரங்களுக்குரிய ஊர்கள் தம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சிய இரண்டாம் சரபோஜி மன்னர், ஆங்கிலப் பிரதிநிதிக்கு உருக்கமான மடல் ஒன்று வரைந்தார். பசித்து வருவோர்க்குச் சோறும், குழந்தைகளுக்குப் பாலும், கருவுற்ற பெண்டிர்க்குப் பேணலும், நோயுற்றோர்க்கு மருத்துவமும், வழியிலே இறந்துபட்டார்க்கு ஈமக்கடனும் அங்குச் செய்யப்படுவதை அம்மடல் விரித்துரைக்கிறது. சோற்றிலிருந்து மருந்து வரையில் ஒரே கூரையின் கீழ் அமைந்திருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

எனினும், வரலாறு பயில்வோர் பெருமையை மட்டும் பேசிக் குறையை மறைத்தல் தகாது. சத்திரத்தின் வாயில் அகன்றிருந்தது உண்மை. ஆனால் உள்ளே பந்திகள் பிரிந்திருந்தன. சில சத்திரங்கள் ஒரு சாதியினர்க்கென்றே அமைந்தன. வேறு சிலவற்றில் சமைத்த சோறு ஒரு சாரார்க்கும், சமையாத அரிசி மற்றொரு சாரார்க்கும் வழங்கப்பட்டது. பசித்தவனைக் கண்டதும், ‘உனக்குப் பசியா?’ என்று கேட்பதற்கு முன்னர், ‘நீ யார்?’ என்று கேட்ட விருந்தோம்பல் அது. அந்த முதற் கேள்வியை நீக்குவதற்கு நம் நாடு நெடுங்காலம் உழைக்க வேண்டியதாயிற்று.

இனிச் சென்னைக்கு வருவோம். 1780ஆம் ஆண்டில் மைசூர் வேந்தர் ஐதர் அலி பெரும்படையுடன் கருநாடகச் சீமையினுட் புகுந்தார். ஆங்கிலேயர்க்கும் அவர்க்கும் நிகழ்ந்த போரில் வயல்கள் பாழாயின. உழவர் ஊரைவிட்டு ஓடினர். மண்ணையும் மனையையும் இழந்தோர் சென்னை நகரின் மதிலை நாடி வந்து குவிந்தனர். பஞ்சம் தலைவிரித்தாடியது. அப்போது, 1782ஆம் ஆண்டில், வடபுறத்தே கஞ்சி வார்க்கும் சத்திரம் ஒன்று எழுந்தது. ஊர் மணியக்காரர் அதனை மேற்பார்த்தமையால் ‘மணியக்காரர் சத்திரம்’ என்று பெயர் பெற்றது. அச்சொல்லே ஆங்கிலேயர் நாவில் ‘மோனேகர்’ எனத் திரிந்தது.

அங்கு இலை போட்டு, பருப்பும் குழம்பும் இரசமும் மோரும் பரிமாறும் நிலை இல்லை. கஞ்சி ஒன்றே உணவு. சிறிதளவு அரிசியைக் கொண்டு பலருடைய பசியைத் தணிக்கக் கஞ்சியே ஏற்றது. பன்னாள் பட்டினி கிடந்த வயிறு திடீரெனத் திண்ணிய உணவைத் தாங்காது. நீர்த்த கஞ்சியையே ஏற்கும். எளிய அந்த உணவுக்குள் சிக்கனமும் மருத்துவ அறிவும் ஒருங்கே அமைந்திருந்தன.

பசியால் வந்தவர் நோயோடும் வந்தனர். ஆகவே, கஞ்சி வார்த்த இடத்தில் மருந்தும் வேண்டியதாயிற்று. 1799ஆம் ஆண்டில் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அச்சத்திரத்தின் இடத்திலே மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1910ஆம் ஆண்டில் அரசு அதனை ஏற்றது. பின்னர், ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1938ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியும் மலர்ந்தது. மணியக்காரர் சத்திரமோ ஆதரவற்ற முதியோர்க்குப் புகலிடமாக நிலைபெற்றது. இவ்வாறு ஓர் அடுப்பிலிருந்து இரு விளக்குகள் ஏற்றப்பட்டன.

1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னகத்தின் முதற் புகைவண்டி வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. பல நாள் நடந்த வழியை மக்கள் சில மணி நேரத்திற் கடந்தனர். பெருவழிச் சத்திரங்களின் தேவை குறைந்தது. நிலையத்தருகே தங்கும் இடத்தின் தேவை வளர்ந்தது. இதனை உணர்ந்த சவலை இராமசாமி முதலியார் சென்ட்ரல் நிலையத்தின் எதிரே பயணிகளுக்குச் சத்திரம் கட்டினார். இராயபுரத்தில் தாய்மார்க்கு விளங்கும் மகப்பேறு மருத்துவமனையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. உணவும் உறையுளும் மருத்துவமும் ஒரே அறத்தின் கிளைகள் என்னும் பழைய கருத்து இங்கும் தொடர்வதைக் காணலாம்.

ஆனால், ‘நீ யார்?’ என்னும் அந்தக் கேள்வி என்னவாயிற்று? அதற்கு விடை தேட, இராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூருக்குச் செல்லவேண்டும். சென்னையில் வாழ்ந்த இளமைக் காலத்தில் இராமலிங்க அடிகளார் திருவொற்றியூர்க் கோயிலுக்குப் பலகாலும் சென்று வழிபட்டவர். பின்னர் அவர் சென்னையை நீங்கி, 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். சாதியும் சமயமும் வினவாமல், பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு அங்கு உணவளிக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சத்திரங்கள் கேட்டு வந்த முதற் கேள்வியை அவ்வடுப்பு எரித்துவிட்டது என்று கூறலாம்.

தனிமனிதர் அருளாற் செய்ததை நாடு சட்டத்தாற் செய்ய வேண்டியிருந்தது. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சாதி சமயம் காட்டி உணவு விடுதிகளில் எவரையும் தடுத்தலாகாது என விதித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தரும சத்திரங்களையும் பெயர் சொல்லியே சேர்த்தது.

இதற்கிடையில் வடசென்னையின் கோலமும் மாறியது. துறைமுகமும் ஆலைகளும் தொழிலாளரைப் பல மாவட்டங்களிலிருந்து அழைத்தன. சத்திரத்தின் விருந்தினர் சில நாள் தங்கிச் செல்பவர். ஆலைத் தொழிலாளரோ ஆண்டுக்கணக்கில் தங்குபவர். அவருக்கு விலை கொடுத்து உண்ணும் மெஸ்ஸும் ஓட்டலும் ஏற்றனவாயின. காசிமேட்டுக் கரையில் இறங்கும் மீன் அங்கே குழம்பாயிற்று. 1960களில் பர்மாவிலிருந்து அகதிகளாய்த் திரும்பிய தமிழர் ‘அத்தோ’ என்னும் உணவைத் தம்முடன் கொணர்ந்தனர். நூடுல்சுடன் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளிநீரும் கலந்த அதனை, வாழைத்தண்டுச் சாற்றுடன் தெருவோரக் கடைகளில் இன்றும் விற்கின்றனர். வீடிழந்து வந்தவரே பிறர்க்கு உணவளிப்பவராய் மாறியது இந்நிலத்தின் பெருமை.

மாணவ அன்பர்களே, அடுத்த முறை கஞ்சித்தொட்டி என்னும் பெயரைக் கேட்பீராயின், அதனை இழிவான பெயர் என்று எண்ணாதீர். 1920ஆம் ஆண்டில் சர் தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை நகராட்சி தன் பள்ளி ஒன்றில் குழந்தைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது. பின்னர் அத்தகைய உணவு தமிழகப் பள்ளிகளெங்கும் பரவியது. பள்ளிப் பந்தியில் உங்களுள் பலர் அருகருகே அமர்ந்து உண்டிருப்பீர்கள். உங்கள் அருகில் இருந்தவன் எக்குலத்தான் என்று பரிமாறியவர் கேட்டதில்லை. அவ்வாறு கேளாமை தானாக வந்ததன்று. பஞ்சத்தின் தொட்டியிலிருந்தும், அருளாளரின் அடுப்பிலிருந்தும், சட்டத்தின் ஏட்டிலிருந்தும் சிறிது சிறிதாகச் சேர்ந்து வந்தது. அதனை உங்கள் இல்லத்து வாயிலிலும் காப்பது உங்கள் கடமையாகும்.