தில்லிக் குளிரும் அம்மாவின் அங்கீட்டியும்

1911-ல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள்; 1931-ல் புது தில்லி திறப்பு விழா கண்டது. சர்க்கார் உத்தியோகத்தை நம்பி நம்மவர் பலர் வடக்கே வந்தனர். பின்னாளில் கரோல் பாக்கில் குடியேறிய என் பெற்றோரும் அப்படித்தான்.

ஊரில் ஒரே இரவில் பொங்கும் இட்லி மாவு, தில்லி ஜனவரியில் அசையாது. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாகிவிடும். அம்மா பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, கரி அங்கீட்டியின் அருகே வைப்பாள். ஆனால் படுக்குமுன் அங்கீட்டியை வெளியே வைத்துவிடுவாள். மூடிய அறையில் அதன் கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். “மாவு பொங்காட்டா உப்புமா இருக்கு, நீங்க நன்னா எழுந்திருந்தாப் போறும்” என்பாள்.

1965-ல் கல்கத்தாவில் இண்டேன் வந்தது; பிறகு எங்களுக்கும் ஸிலிண்டர் கிடைத்தது. அங்கீட்டி போயிற்று. கம்பளி சுற்றும் வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. உங்கள் ஊர்க் குளிர்காலச் சமையலைப் பற்றியும் எழுதுங்களேன்.