கசியும் டீசலும் கரிசலின் பதமும்

கரிசல் நிலத்து உழவின் வரலாற்றை எழுதும்போது நாம் பட்டறைகளை மறந்துவிடுகிறோம். 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கேயே உருவாக்கியது. அவற்றை ஓடவைத்துக்கொண்டிருப்பதோ ஊர்ப் பட்டறைகளின் பாடு.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரிக் காடுகளில் மழை தரும் பதம் சில நாட்களே நிற்கும். அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். பம்பு டீசலை உறிஞ்சும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால் காற்று புகுந்து என்ஜின் நின்றுவிடும். ஒழுகிப்போகும் டீசலைவிடத் தவறிப்போகும் பதமே பெரும் நஷ்டம்.

பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா? பொருளே விடை சொல்லும். இறுகிப்போன செப்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால், மீண்டும் மென்மையாகி இடுக்கை அடைக்கும். டாங்கியின் சிறு ஓட்டையை ஈயப்பற்று வைத்து மூடலாம். ஆனால் உள்ளிருக்கும் டீசல் ஆவியைப் போக்காமல் நெருப்பைக் காட்டினால் உயிருக்கே ஆபத்து. வெடிப்பு விட்ட ரப்பர் குழாயை மாற்றத்தான் வேண்டும்.

எது மீளும், எது மீளாது என்று பிரித்தறிவதே வறண்ட நிலத்தின் சிக்கனம். அதை நாம் எழுதிவைக்காவிட்டால், பழைய டிராக்டர்களோடு அந்த அறிவும் காயலான் கடைக்குப் போய்ச் சேரும்.