இயல்பான எச்.டி.ஆர். நிலக்காட்சிப் படங்கள்

எச்.டி.ஆர். நிலக்காட்சிப் படம் என்பது ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷர்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாகப் பதிவான பகுதிகளைச் சேர்த்து உருவாக்கும் ஒளிப்படம். விடியற்காலையில் வானத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்தால் தரை கரியாகிவிடும். தரைக்கு ஏற்ப வைத்தால் வானம் வெளுத்துப்போகும். இரண்டையும் காப்பாற்றும் வழி கைக்கு வந்ததும், பலர் இரண்டையும் ஒரே அளவுக்கு வெளிச்சமாக்கினார்கள். 2000களின் பிற்பாதியில் இணையமெங்கும் பரவிய, மேகங்கள் புகைபோலக் கறுத்து, மரங்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு படர்ந்த படங்கள் அப்படிப் பிறந்தவை. இயல்பான எச்.டி.ஆர். படத்துக்கு ஒரு நெறி உண்டு. நேரில் எது எதைவிட வெளிச்சமாக இருந்ததோ, அந்த வரிசை படத்திலும் மாறக் கூடாது.

ஒளி வீச்சு

ஒளியின் அளவு இரட்டிப்பாவதை ஒளிப்படக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்கிறார்கள். இன்றைய நல்ல ஃபுல்ஃப்ரேம் கேமராவின் சென்சார், அடிப்படை ஐஎஸ்ஓவில் ஏறத்தாழ 14 ஸ்டாப் வீச்சைப் பதிவு செய்யும். அதாவது மிக இருண்ட புள்ளியைவிட மிக ஒளிர்ந்த புள்ளி சுமார் 16,000 மடங்கு. வழக்கமான கணினித் திரை காட்டுவது 10 ஸ்டாப் அளவுதான். பளபளப்பான அச்சுத் தாளுக்கு 7 ஸ்டாப்பே அதிகம். எனவே இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: காட்சியின் வீச்சு முழுவதையும் பதிவு செய்வது; பதிவானதைச் சிறிய வீச்சுக்குள் அடக்குவது. முதல் வேலையைக் கருவிகள் எளிதாக்கிவிட்டன. டோன் மேப்பிங் எனப்படும் இரண்டாவது வேலையில்தான் படம் நன்றாக அமைவதும் கெடுவதும்.

கண்ணும் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பார்ப்பதில்லை. மேகத்தை நோக்கும்போது ஒருவிதமாகவும், பாறையிடுக்கை நோக்கும்போது வேறுவிதமாகவும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மூளை அவற்றைச் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குத் தருகிறது. மேகத்தின் மடிப்பையும் பாறையின் வரியையும் சேர்த்தே பார்த்தோம் என்ற உணர்வு அதனால் வருகிறது. ஆனால் அந்த உணர்விலும் பாறை நிழலில்தான் இருந்தது. எச்.டி.ஆர். முறைக்கு நியாயமும் எல்லையும் இங்கேயே கிடைத்துவிடுகின்றன.

வரலாறு

1850களின் ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றன. கடலும் கரையும் பதிவாவதற்குள் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, மேகங்களுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை எடுத்து, தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் பிரான்சின் தென்கரையில் உள்ள சேத் நகரில் எடுத்த பேரலைப் படம் இவ்வகையில் புகழ்பெற்றது. ஒரே மேக நெகட்டிவை வேறு வேறு கடற்காட்சிகளுக்கும் அவர் பயன்படுத்தியதுண்டு. தொடுவானம் நேர்கோடாக இருப்பதால் ஒட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. மலைமுகடுகளில் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை, இன்று மென்பொருளில் மாஸ்க் வரைபவர்கள் நன்றாக அறிவார்கள்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்களான அன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் மண்டல முறையை வகுத்தனர். முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரை 11 படிகள். காட்சியின் எந்தப் பகுதி எந்தப் படியில் அமைய வேண்டும் என்பதைப் படமெடுக்கும் முன்பே முடிவு செய்வது அதன் சாரம். 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரருகே, மாலை வெயிலில் மின்னும் கல்லறைச் சிலுவைகளுக்கு மேலே நிலவு எழுந்த காட்சியை ஆடம்ஸ் எடுத்தபோது, லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்ததால் அதைக்கொண்டே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். முன்புலம் மெலிவாகப் பதிந்திருந்தது. 1948இல் நெகட்டிவின் அந்தப் பகுதியை மட்டும் வேதிமுறையில் வலுப்படுத்தினார். பிற்கால அச்சுகளில் வானத்தை ஏறக்குறைய முழுக் கறுப்பாக்கினார். இவ்வளவு மாற்றியும் அந்தப் படம் யாருக்கும் பொய்யாகத் தோன்றுவதில்லை. நிலவும் சிலுவைகளும் அங்கே தம் ஒளியோடு தத்தம் இடத்தில் நிற்பதே அதற்குக் காரணம் என்று சொல்லலாம்.

பின்னர், அணுகுண்டு வெடிப்புகளைப் படமெடுப்பதற்காக ஒளிப்படவியலாளர் சார்லஸ் வைகாஃப் வெவ்வேறு உணர்திறன் கொண்ட மூன்று அடுக்குகளுள்ள ஃபிலிமை உருவாக்கினார். டிஜிட்டல் காலத்தின் திருப்புமுனை 1997. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும், சாதாரணப் படங்களின் தொகுப்பிலிருந்தே காட்சியின் உண்மையான ஒளி விகிதங்களைக் கணக்கிடும் வழியை வெளியிட்டனர். ஒரு தேவாலயத்தின் உட்புறத்தை 30 வினாடியிலிருந்து 1/1000 வினாடி வரை ஒவ்வொரு ஸ்டாப்பாக 16 முறை எடுத்து அதை விளக்கினார்கள். 2002இல் எரிக் ராய்ன்ஹார்டும் அவருடைய குழுவினரும் முன்வைத்த டோன் மேப்பிங் முறை, ஆடம்ஸின் மண்டல முறையையே அடிப்படையாகக் கொண்டது. 2007இல் டாம் மெர்ட்டென்ஸ் குழுவினர் எக்ஸ்போஷர் ஃபியூஷன் முறையைக் கொண்டுவந்தனர். இடைப்பட்ட எச்.டி.ஆர். கோப்பு எதையும் உருவாக்காமல், ஒவ்வொரு படத்திலிருந்தும் நன்கு பதிவான புள்ளிகளுக்கு மட்டும் கூடுதல் எடை தந்து கலப்பது இது. நிலக்காட்சிக்கு இதன் விளைவு பெரும்பாலும் அமைதியாகவும் நம்பும்படியாகவும் இருக்கும்.

களத்தில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள மேசா வளைவு இந்த முறையின் நுணுக்கங்களை விளக்க ஏற்ற இடம். கிழக்கு நோக்கிய செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்கும் இயற்கை மணற்பாறை வளைவு அது. கதிரவன் எழுந்ததும் வெயில் கீழேயுள்ள பாறைச் சுவரில் பட்டுத் தெறித்து, வளைவின் அடிப்பக்கத்தைத் தணல்போல ஒளிரச் செய்கிறது. கேமராவை நோக்கிய பக்கம் நிழலில் இருக்கும். அதன்மேல் விழுவது வானத்தின் நீல வெளிச்சம் மட்டுமே. பின்னால் பள்ளத்தாக்கில் மூட்டமும் தொலைவில் லா சால் மலைத்தொடரும் தெரியும்.

கேமராவை ட்ரைபாடில் பூட்டி, அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் நான்கையும் நிலையாக வைத்துவிட்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்ற வேண்டும். அபெர்ச்சரை மாற்றினால் கூர்மைப் பரப்பு படத்துக்குப் படம் வேறுபட்டு, இணைப்பு சரியாக அமையாது. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்தால் சென்சாரின் வீச்சோடு இன்னும் 4 ஸ்டாப் சேரும். மிக இருண்ட படத்தின் ஹிஸ்டோகிராமில் கதிரவனைத் தவிர வேறெதுவும் வலது ஓரத்தில் முட்டக் கூடாது. மிக வெளிச்சமான படத்தில் நிழல்கள் இடது ஓரத்தை விட்டு நன்றாக விலகியிருக்க வேண்டும். ரா கோப்பாக எடுப்பது அவசியம். கதிரவனின் வட்டத்துக்குள் விவரம் தேடுவது வீண். அது வெள்ளையாகவே இருக்க வேண்டும். அதைச் சாம்பல் நிறத் தட்டாக்கிய படங்களைப் பார்த்தவுடனேயே கண் ஒதுக்கிவிடும்.

இனி கணினி முன் செய்யும் வேலை. மென்பொருளில் நிழலை உயர்த்தும் ஷேடோஸ் ஸ்லைடரை முழுதாக இழுத்தால், நிழலில் இருந்த பாறைமுகம் வளைவின் அடிப்பக்கத்துக்கு இணையாக வெளிச்சமாகிவிடும். அந்த நொடியே ஒளிர்வு மறைந்துவிடுகிறது. சுற்றியுள்ள இருளால்தான் அது ஒளிர்வாகத் தெரிந்தது. நிறமும் அப்படித்தான்: அடிப்பக்கம் செம்மஞ்சள், நிழற்பக்கம் குளிர்ந்த நீலச் சாயல். ஒயிட் பேலன்ஸால் எல்லாவற்றையும் சூடாக்கினால் இந்த வேறுபாடு செத்துவிடும். நிழலில் பாறையின் வரிகள் தெரியும் அளவோடு கையை எடுத்துவிடுவது நல்லது.

பிழைகள்

பொய்யைக் காட்டிக்கொடுப்பவற்றில் முதன்மையானது ஒளிவட்டம். டோன் மேப்பிங் மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு மாற்றுகிறது. மலைமுகட்டை ஒட்டிய வானப் பகுதியின் சுற்றுப்புறத்தில் இருண்ட மலையும் அடங்குவதால், மென்பொருள் அந்த இடத்தை இருட்டென்று எடுத்துக்கொண்டு வெளிச்சம் கூட்டிவிடுகிறது. விளிம்புகளை மதிக்கும் பைலேட்டரல் வடிகட்டியை 2002இல் ஃப்ரெடோ டுராண்டும் ஜூலி டோர்சியும் டோன் மேப்பிங்கில் புகுத்தியது இந்தக் குறையைக் களையத்தான்.

ஏரியும் குளமும் வரும் படங்களில் நீரைப் பார்க்க வேண்டும். நீரில் விழும் வானத்தின் பிம்பம் ஒருபோதும் வானத்தைவிட வெளிச்சமாக இராது. ஒளியின் ஒரு பகுதி நீருக்குள் போய்விடுகிறது. பல படங்களில் இது தலைகீழாகிவிடுகிறது. காரணம் புரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குப் பட்டுவிடும். தொலைமலைகளின் மூட்டத்துக்கும் இதே கவனம் தேவை. மென்பொருளின் கிளாரிட்டி ஸ்லைடரைக் கூட்டி மூட்டத்தைத் துடைத்தெடுத்தால் தொலைவே காணாமல் போய், மலைகள் முன்புலத்தின் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

காற்றில் ஆடும் கிளையும் அலையும் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருப்பதால், இணைக்கும்போது பேய்த்தடங்கள் விழும். அசையும் பகுதியை ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்வது நம்பகமான வழி.

வேறு வழிகள்

மேற்பாதி மட்டும் கறுப்பேற்றிய கிராஜுவேட்டட் என்.டி. ஃபில்டரால் வானத்தின் ஒளியை லென்ஸுக்கு முன்பே குறைக்கலாம். ஃபிலிம் காலத்தில் மலைக்காட்சிகளுக்கு இதைப் பெரிதும் பயன்படுத்தியவர் ஒளிப்படக் கலைஞர் கேலன் ரோவெல். தொடுவானம் கரடுமுரடாக இருக்கும் இடத்தில் முகடுகளும் சேர்ந்து கறுத்துவிடும் என்பது இதன் குறை. கதிரவன் சட்டகத்துக்குள் இல்லாத காட்சிகளில், 14 ஸ்டாப் சென்சாரில் எடுத்த ஒரே ரா கோப்பு பெரும்பாலும் போதும். அப்போது பல படங்களை இணைப்பதால் கிடைக்கும் நன்மை நிழலில் நாய்ஸ் குறைவதுதான்.

கைபேசிகளில் எச்.டி.ஆர். 2010இல் ஐபோன் 4 வழியாகப் பரவலாயிற்று. கூகுளின் எச்.டி.ஆர். பிளஸ், வேண்டுமென்றே இருட்டாக எடுத்த பல படங்களை அடுக்கி நாய்ஸைக் குறைத்துப் பிறகு நிழலை உயர்த்துகிறது. 2023இல் ஆண்ட்ராய்டு 14 கொண்டுவந்த அல்ட்ரா எச்.டி.ஆர். வடிவத்தில், வழக்கமான ஜேபெக் படத்தோடு ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு கூடுதலாக ஒளிர வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே வருகிறது. வெளிச்சம் மிகுந்த திரையில் மேகத்தின் விளிம்பு உண்மையிலேயே கூடுதலாக ஒளிரும். பழைய திரையில் வழக்கமான படமே தெரியும். இத்தகைய திரைகளில் வீச்சை அவ்வளவாக நசுக்க வேண்டியதில்லை என்பதால், நிழலை நிழலாக விட்டுவைப்பதும் எளிதாகியிருக்கிறது.