நடுகல்: சேர்வராயன் மலையைச் சூழ்ந்த வட்டாரம்

ஆநிரை கவரும் பூசலிலோ விலங்கொடு பொருதோ இறந்தவர்க்கு ஊர்ப்புறத்திலும் வழியோரத்திலும் நிறுத்திய நினைவுக்கல் நடுகல். வீரக்கல் என்றும் வழங்கும். தமிழகத்தில் இவை மிகுதியாகக் கிடைப்பது சேர்வராயன் மலைக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில். சேலத்திலிருந்து வடக்கே போகும் பழைய வழிகளுள் ஒன்று மலையின் மேற்கே தொப்பூர்க் கணவாயையும், மற்றொன்று கிழக்கே மஞ்சவாடிக் கணவாயையும் பற்றிச் செல்கிறது. மேய்ச்சல் காடும் கணவாயும் அடுத்தடுத்து அமைந்த நாட்டில் மாடுதான் செல்வம். மாட்டைக் கொண்டுபோவதும் மீட்பதுமே பூசல்.

நடுகல் வழக்கம் பெருங்கற்கால நெடுநிலைக் கல்லிலிருந்து வளர்ந்தது என்பர் பலர். இரண்டும் வேறு என்பாரும் உளர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் (ஆநிரை கவர்தலில்) இறந்தவனைக் குறிக்கிறது. அவற்றின் காலத்தைக் கிமு நான்காம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்வோரும் பிற்காலத்துக்குத் தள்ளுவோரும் இன்னும் உடன்படவில்லை. தொல்காப்பியம் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகள் கூறுகிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைப் பெயர்கள் பெரும்பாலும் அவ்வரிசையிலேயே அமைந்தவை. பீலி சூட்டிய கற்கள் பாலைவழியில் நிற்பதை அகநானூறு பலமுறை காட்டும். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லை ஔவையார் பாடினார் என்பது மரபு. எந்தக் கல்லும் அதுவென்று இனங்காணப்படவில்லை.

கிபி ஆறாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரையான பல்லவர் காலக் கற்களே நமக்கு நன்கு தெரிந்தவை. செங்கம் வட்டாரத்தில் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் பெயர்களோடு கற்கள் உள்ளன. எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து. பல்லவர் ஆட்சிக்கு உட்பட்டும் இப்பகுதி அவ்வெழுத்தை ஏன் விடாது வைத்திருந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. வாசகம் கிட்டத்தட்ட ஒரே அச்சு: அரசனின் ஆட்சியாண்டு, பகுதித் தலைவன், அவனுக்கு அடங்கிய தலைவன், இறந்தவன் பெயர், எந்தத் தொறுவுக்காக இறந்தான், முடிவில் ‘பட்டான் கல்’. தொறு என்பது மந்தை. அரசன் பெயர் இங்கு ஆண்டுக் கணக்குக்காகவே வருகிறது. கல் யாரோ ஒரு சேவகனுடையது. உருவமும் அப்படியே: கொண்டை முடிந்து, ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்தியவன்; சில கற்களில் உடலில் தைத்த அம்பும் காலடியில் கெண்டியும் சிமிழும் காணப்படும். இறந்தவன் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்றனர்.

தண்டராம்பட்டை அடுத்த எடுத்தனூர்க் கல்லைத் தனியே சொல்ல வேண்டும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு அது நடப்பட்டது. அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது எனக் கல்வெட்டு பெயரோடு பதிவு செய்கிறது. இம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது பொதுவான கொள்கை. அவன் முடிசூடிய ஆண்டு திட்டமாகாமையால், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. கருந்தேவக்கத்தியின் தலைவர்களைத் தேடிப் படிப்பவர் சிலரே. நாயின் பெயரை அறிந்தவர் பலர். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவற்கட்டில் இறந்த சேவலுக்கும் கல் உண்டு: வட்டெழுத்து வாசகம், சேவல் உருவம், அது எந்தச் சேரிக்காகப் பொருதது என்ற குறிப்பு. மெய்க்கீர்த்தி பாடவைத்த பேரரசர் பலருடைய நாய்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

சோழர் காலத்திலும் கற்கள் தொடர்ந்தன. விஜயநகர, நாயக்கர் காலத்தில் போர், விண்ணுலகு செல்லல், சிவவழிபாடு என அடுக்குகளாகச் செதுக்கிய கற்களும் சதிக்கற்களும் கிருஷ்ணகிரிப் பக்கம் பெருகின. கொங்குப் பகுதியில் புலியோடு பொருது இறந்தவர்க்கான புலிகுத்திக்கல் மிகுதி.

நடுகற்கள் பல தெய்வங்களாக நிலைத்துவிட்டன. செங்கம், தருமபுரி ஊர்களில் வேடியப்பன் கோயில் என்று கேட்டுப் போனால் பெரும்பாலும் எண்ணெய் படிந்த ஒரு வீரக்கல்லின் முன்தான் நிற்க நேரும். பொங்கலும் கிடாவெட்டும் நடக்கும். எண்ணெய் மெழுக்கு வாசகத்தை மறைக்கிறது என்று கல்வெட்டாளர் குறைப்படுவதுண்டு. அம்மெழுக்குதான் பல கற்களைக் கல்லுடைப்போரிடமிருந்து காத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கல்வெட்டறிஞர் ஹூல்ச் ஆம்பூர் நடுகற்களை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘எபிகிராபியா இண்டிகா’ இதழில் வெளியிட்டார். முறையான தேடல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையால் இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் நடந்தது. ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வந்தது. ‘தருமபுரி கல்வெட்டுகள்’ முதல் தொகுதி 1975இல் வந்தது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் பல கற்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அண்மைக் காலக் கண்டுபிடிப்புகளில் பெரும்பங்கு உள்ளூர் ஆர்வலர்களுடையது.

சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடு, நாகலூர் முதலிய ஊர்களில் நினைவுச் சின்னங்களின் கதை வேறு. இங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழியினர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. யார் எந்த மலையில் தங்கினார் என்பதில் வடிவங்கள் மாறுபடும். சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்ததை அடுத்துத் தோட்டங்களும் தேவாலயங்களும் எழுந்தன. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தி ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைக்கப்பட்டு நினைவுச்சின்னமும் அமைந்தது. அவருடைய மாமனாரும் 6,000க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவருமான பீட்டர் பெர்சிவல் 1882இல் ஏற்காட்டிலேயே காலமானார்.