திரை மறைத்த எட்டாண்டு

நல்லாசிரியரைப் போற்றும் திரைப்படங்களுள் 1988-இல் வெளிவந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்னும் அமெரிக்கப் படம் புகழ் மிக்கது. பொலிவியாவிற் பிறந்த ஹைமே எஸ்கலாந்தே, கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் கார்ஃபீல்டு பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்த உண்மை வரலாறு அது. 1982-இல் அவர் மாணாக்கர் 18 பேர் நுண்கணிதத் தேர்வில் தேறினர். ஐயுற்ற தேர்வு நிறுவனம் 14 பேரை மீண்டும் எழுதப் பணித்தது. எழுதிய 12 பேரும் தேறினர்.

ஆயின், எளிய கணக்கிலே இடறிய பிள்ளைகள் ஓரிரு ஆண்டிலேயே நுண்கணிதம் கற்றதாகக் காட்டுவது எனக்கு உடன்பாடன்று. எஸ்கலாந்தே அப்பள்ளியிற் சேர்ந்தது 1974-இல். கீழ் வகுப்புகளில் இயற்கணிதத்தை ஊன்றச் செய்யவே ஆண்டுகள் பல கழிந்தன. அவருக்குத் துணைநின்ற தலைமையாசிரியர் ஹென்றி கிராடிலாஸைப் படம் பார்த்தோருள் எத்தனை பேர் அறிவர்? (இது தலைமையாசிரியனாயிருந்தவனின் மனக்குறை!) 1987-இல் அவரும், 1991-இல் எஸ்கலாந்தேயும் அகன்றபின் அங்கு நுண்கணிதத் தேர்ச்சி பெரிதும் குன்றிப்போயிற்று.