புள்ளிக்கு ஓர் அடுப்பு

அரசர்கள் ஏறிய யானைகளுக்கும் பிடித்த கோட்டைகளுக்கும் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அரசர்கள் உண்ட சோறு எந்த அடுப்பில் வெந்தது, யார் அதை ஊதி எரித்தார்கள் என்று எழுதியவர்கள் மிகச் சிலர். சமையற்கட்டுக்குள் நுழைந்தால் கண் எரியும் என்று சரித்திராசிரியர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள் போலும்!

அந்தக் குறையைச் சிறிதளவேனும் தீர்க்க வேண்டுமானால் சிவகங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டரசன்கோட்டைக்குப் போகலாம். கம்பர் இறுதியாகத் தங்கிய இடம் என்று ஒரு சமாதியைக் காட்டும் ஊர் அது. கண்ணுடைய நாயகி கோயில் கொண்டிருக்கும் ஊரும் அதுதான். கண் நோவு கண்டவர்கள் வேண்டிக்கொள்ளும் தெய்வம். ஊரார் செல்லமாகக் கண்ணாத்தாள் என்பார்கள். இவற்றையெல்லாம் விட எனக்கு அதிசயமாகப்படுவது வேறொன்று. அடுப்பை வைத்துக் குடும்பத்தை எண்ணிய ஊர் அது.

நகரத்தார் சமூகத்தில் மணமான தம்பதிக்குப் 'புள்ளி' என்று பெயர். கோயிலுக்கு வரி கொடுப்பதும், ஊர்க் காரியங்களில் பங்கு பெறுவதும் புள்ளிக் கணக்கில்தான். பிள்ளைக்குக் கலியாணம் ஆனதும் அவனை 'வேறு வைப்பார்கள்'. இதைக் கேட்டதும் மருமகள் சண்டையென்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். சண்டை வருவதற்கு முன்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. வீடு ஒன்றுதான், முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் ஒவ்வொரு தம்பதிக்கும் தனி அறை, தனிச் சமையல், தனிக் கணக்கு. நெல்லும் பாத்திரமும் கொடுத்து, "இனி உன் உலையை நீ வை" என்று சொல்லிவிடுவார்கள். நான்கு பிள்ளைகள் இருந்தால் பின்கட்டில் ஐந்து அடுப்பு புகையும். ஒரே கூரையின் கீழ் ஐந்து குழம்பு ஐந்து விதமாக மணக்கும்.

கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே பானைச் சோறு என்று கதைகளிலும் சினிமாவிலும் பார்த்துப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இதில் உள்ள விவேகம் புரியும். ஆண்பிள்ளைகள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிப் போய், ஆண்டுக்கணக்கில் கொண்டுவிற்றுவிட்டு வந்தார்கள். ஊரில் இருந்த பெண்கள் வரவையும் செலவையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். தன் அடுப்பு, தன் சேமிப்பு என்ற உரிமை ஒவ்வொரு ஆச்சிக்கும் இருந்தது.

தைப் பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையன்று இந்தக் கணக்கு முழுவதையும் கண்ணாத்தாள் கோயிலின் எதிரே கண்ணால் பார்க்கலாம். செவ்வாய்ப் பொங்கல் என்று அதற்குப் பெயர். புள்ளிகளின் பெயரை எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுப்பார்கள். முதலில் யார் பெயர் வருகிறதோ அவருக்கே முதல் பானை. கோடீசுவரர், குமாஸ்தா என்ற பேதம் அதில் இல்லை. பிறகு நூற்றுக்கணக்கான அடுப்புகள் வெட்டவெளியில் வரிசை வரிசையாக மூளும். வெளிநாட்டில் பிழைப்பவர்களும் அன்றைக்கு ஊர் வந்து சேருகிறார்கள். ஊரின் ஜனத்தொகைக் கணக்கை விறகுப் புகையால் வானத்தில் எழுதிக் காட்டுவது போல இருக்கும்.

புகை என்று சொன்னேன். அதை அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது.

செட்டிநாட்டு வீட்டை வர்ணிக்கிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும், இத்தாலியச் சலவைக் கல்லையும், ஆத்தங்குடித் தளத்தையும், முட்டை வெண்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவரையும் சொல்லி முடிப்பதற்குள் களைத்துப் போகிறார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம் பெற்றதும் அந்த அழகுக்காகத்தான். அதே வீட்டில் பின்கட்டுக்குப் போனால் காட்சி மாறிவிடும். விருந்தினர் காலடி படும் முகப்புக்கு உலகம் முழுவதிலிருந்தும் சாமான் வந்தது. பெண்கள் நாள் முழுதும் நின்ற அடுப்படிக்கு மண் அடுப்பும் கரி படிந்த சுவரும் போதும் என்று இருந்தது. பக்கத்துப் பொட்டல்களிலிருந்து வண்டியில் வரும் கருவேல விறகு மழைக் காலத்தில் ஈரமாக இருக்கும். ஊதுகுழலும் கண்ணீருமாகத்தான் உலை கொதிக்கும்.

விறகுப் புகை நுரையீரலைக் கெடுப்பதோடு கண்ணில் புரை விழுவதற்கும் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. கண்ணாத்தாளிடம் கண்ணுக்காக முறையிட்ட பெண்களில் எத்தனை பேரின் கண்ணை அவர்கள் வீட்டு அடுப்பே கெடுத்ததோ!

புகையில்லாத அடுப்பு உலகில் எப்போதோ வந்துவிட்டது. ஸ்வீடன் தேசத்தில் 1892-ல் லிண்ட்குவிஸ்ட் என்பவர் காற்றடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைச் செய்தார். அந்தப் 'பிரைமஸ்' வகை ஸ்டவ் நம் ஊர்களுக்கு வந்தபோது அதில் காப்பி போடுவது நாகரிகமாயிற்று. மண்ணெண்ணெயிலும் செட்டிநாட்டுக்குப் பழைய உறவு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. 1930-ஐ அடுத்த நெருக்கடியில் கடன் திரும்பாமல் போய், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பானியர் நுழைந்ததும், பின்னால் பர்மிய அரசாங்கம் நிலங்களைத் தேசவுடைமையாக்கியதும் அவ்வளவும் கை நழுவியது. பர்மாவில் மிஞ்சியது கவுனி அரிசிப் பொங்கலும், 'பர்மா ஷெல்' என்று எழுதிய மண்ணெண்ணெய் டின்னும்தான் என்று சொல்லலாம். அதே பர்மா ஷெல் கம்பெனிதான் 1955-ல் பம்பாயில் உருளையில் அடைத்த எரிவாயுவை விற்கத் தொடங்கிற்று. 1965-ல் 'இண்டேன்' வந்தது. 2006-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாகக் கொடுத்தது. விறகுக்கட்டைச் சமையற்கட்டிலிருந்து வெளியேற்றியது அந்த நீலச் சுடர்தான்.

இப்போது அந்தச் சுடரும் இல்லாத அடுப்பு வந்திருக்கிறது. பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீடுகளைப் பழுது பார்க்கிறவர்கள் சிலருடைய வரைபடத்தில் நான்கு வட்டம் போட்ட ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பார்க்கலாம். இண்டக்ஷன் அடுப்பு. அதன் பக்கத்தில் சுவரில் பதிக்க இரண்டு ஓவன். (சிலர் இதை 'அவன்' என்று எழுதுகிறார்கள். "அவன் 3,000 வாட்டு இழுப்பான்" என்று படிக்கும்போது யாரோ பொல்லாத உறவினனைப் பற்றிச் சொல்வது போலத் தோன்றுகிறது!)

இதன் சூட்சுமம் நூதனமானதல்ல. 1831-ல் லண்டனில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல்தான். கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் விநாடிக்கு இருபதினாயிரம் தடவைக்கு மேல் திசை மாறி ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்த சக்தி, மேலே இருக்கும் இரும்புப் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிப் பாத்திரத்தையே சூடாக்கிவிடுகிறது. பாத்திரத்தின் சூடு பட்டுத்தான் கண்ணாடியும் சுடும். 1950-களின் நடுவில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் 'பிரிஜிடேர்' பிரிவு இதைப் பொருட்காட்சியில் காட்டியபோது, பானைக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு பத்திரிகைத் தாளை வைத்தார்கள். தண்ணீர் கொதித்தது, தாள் எரியவில்லை. ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸ் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது விலை 1,500 டாலர். இன்று ஒற்றை அடுப்பு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வேகத்தில் குறையில்லை. 2,000 வாட்டு அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய மூன்று நிமிஷத்தில் கொதித்துவிடும். அரை மணி முழு வேகத்தில் எரிந்தால் ஒரு யூனிட். புகை கிடையாது, கரி கிடையாது. மறந்து போனால் தானே அணைந்துகொள்ளும். தனியாக இருக்கும் வயோதிகர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. 'பேஸ்மேக்கர்' பொருத்திக்கொண்டவர்கள் மட்டும் வைத்தியரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் செட்டிநாட்டு வீட்டில் இந்த அடுப்பு முதலில் சண்டை போடுவது பாத்திரங்களோடு. கலியாணச் சீராக வந்து அறை நிறைய அடுக்கியிருக்கும் வெண்கலப் பானையும், பித்தளைத் தவலையும், செம்புக் குடமும் இதற்கு ஆகாது. அலுமினியம், ஈயச் செம்பு, கல்சட்டி, மண்சட்டி எதுவும் ஆகாது. மேலே வைத்தால் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல மௌனமாகிவிடும். காந்தம் எந்தப் பாத்திரத்தில் ஒட்டுகிறதோ அதுதான் இதற்கு உறவு. இரும்புத் தோசைக்கல் ஆகும். இரும்பானாலும் அடி உருண்ட வாணலியும் குழிப் பணியாரச் சட்டியும் கண்ணாடியில் படிந்து உட்காராததால் சரிப்படுவதில்லை. ஓர் ஆச்சரியம் சொல்கிறேன். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்று குவிந்து கிடக்கின்றனவே, கடல் கடந்து வந்த எனாமல் பாத்திரங்கள், அவை உள்ளே இரும்புத் தகடு. அடி தட்டையாகவும் எனாமல் உதிராமலும் இருந்தால் காந்தம் அவற்றில் ஒட்டும். கொள்ளுப்பாட்டியின் சீர்ச்சாமான் கொள்ளுப்பேரனின் அடுப்பில் வேலை செய்யக்கூடும்!

இரண்டாவது சண்டை சுவரோடு. நான்கு வட்டம் உள்ள அடுப்பு ஏறக்குறைய 7,400 வாட்டு. ஒரு ஓவன் 3,000. இரண்டும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் 45 ஆம்பியர். விளக்குக்கும் விசிறிக்கும் என்று மரச்சட்டத்துக்குள் ஓட்டிய பழைய கம்பிகள் இதைத் தாங்கா. மும்முனை மின்சாரமும், பலகையிலிருந்து நேராக வரும் தனிக் கம்பியும், நல்ல நிலத்தொடர்பும் முதலில் வேண்டும். கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் செலவழித்துவிட்டுக் கம்பியை மேஸ்திரியின் யோசனைக்கு விடுவது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் மோதிரத்தைப் பார்ப்பது போலத்தான். மின்சாரத்தையும் முழுக்க நம்பிவிட முடியாது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் இருட்டில் இருந்ததைத் தமிழ்நாடு மறந்துவிடவில்லை. பக்கத்தில் ஓர் எரிவாயு அடுப்பு இருப்பது விவேகம்.

ஓவன் விஷயத்துக்கு வருவோம். மூடிய பெட்டியில் உலர்ந்த சூட்டில் வேக வைப்பது நம் வீட்டுச் சமையலில் இல்லாத வழக்கம். யாழ்ப்பாணத் தமிழர் ரொட்டி சுடும் சூளையைப் 'போறணை' என்கிறார்கள். போர்த்துகீசியரின் 'ஃபோர்னோ' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. பண்டத்தோடு சொல்லும் கப்பலில் வந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த செட்டிநாட்டார் அந்த ரொட்டியைத் தின்றிருப்பார்கள். சூளையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கந்தரப்பமும் சீயமும் எண்ணெயில் வேகின்றன. இடியாப்பமும் கொழுக்கட்டையும் ஆவியில் வேகின்றன. பேரப்பிள்ளைகள் கேக்குக்கு ஆசைப்பட்டால் ஓர் ஓவன் வாங்கலாம். அதையும் குனியாமல் திறக்கும்படி மார்பளவு உயரத்தில் வைக்கலாம். இரண்டாவது எதற்கு என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், வரைபடம் போட்டவர்தான்.

பழைய வீடுகளில் அடுப்பின் எண்ணிக்கையைப் புள்ளியின் எண்ணிக்கை தீர்மானித்தது. சமைப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை அடுப்பு. இன்று பல வீடுகளில் பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு புள்ளி; வாழ்கிறவர் ஒருவரோ இருவரோ. கலியாணம் வந்தால் இருநூறு பேர். அப்படிப்பட்ட வீட்டில் நான்கு வட்டக் கண்ணாடி தினசரிக்கு அதிகம், விசேஷத்துக்குப் போதாது. விசேஷத்துக்குப் பின்கட்டில் கோட்டையடுப்பு இருக்கவே இருக்கிறது. அன்றாடத்துக்கு இரண்டு வட்டம் போதும். மிச்சப்படும் பணத்தில் அடுப்படிக்கு ஒரு நல்ல ஜன்னல் வைக்கலாம். நூறு ஆண்டு தாமதமானாலும் முகப்புக்குச் செய்த மரியாதையைப் பின்கட்டுக்கும் செய்ததாகும்.

இவ்வளவையும் யார் முடிவு செய்வது? பங்காளிகள் கூடிப் பேசலாம். எஞ்சினீயர் படம் போடலாம். ஆனால் அந்த வீட்டில் தினம் உலை வைக்கப் போகிறவர் ஆச்சியோ, சம்பளத்துக்கு வரும் சமையற்காரம்மாவோ, அவரைக் கூப்பிட்டு மேடையின் உயரமும் அடுப்பின் இடமும் கேட்காமல் வாங்கும் எந்த யந்திரமும் பழைய கரிச்சுவரின் புதிய அவதாரம்தான். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி அடுப்புக் கொடுத்த ஊரும்கூட, அந்த அடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

செவ்வாய்ப் பொங்கல் இனியும் விறகில்தான் பொங்கும்; பொங்கட்டும். ஆண்டில் ஒரு நாள் தானாக விரும்பிப் புகையில் நிற்பது பக்தி. மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் வேறு வழியில்லாமல் நிற்க வைப்பதைக் கண்ணாத்தாள் கேட்டிருக்க மாட்டாள்.