பரீட்சகரைப் பரீட்சிப்பார் யார்?

நிறைகோல் பொருளை நிறுக்கின்றது. அக்கோல் பழுதாயின் கொடுப்போனும் கொள்வோனும் ஒருங்கே ஏமாறுவர். பாடசாலைக் கல்வியின் முடிவில் மாணாக்கரை நிறுக்கும் கோல் பரீட்சையாகும். அக்கோலின் செம்மையை மனிதர் எவ்வாறு சோதித்து வந்தனர் என்பதை வரலாற்று வாயிலாகச் சிறிது நோக்குவோம்.

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பாடசாலை மாணாக்கருக்கான பரீட்சையை 1858ஆம் ஆண்டில் தொடங்கியது. பரீட்சகர்கள் பல்கலைக்கழக அங்கி தரித்து, வினாத்தாள்களைப் பூட்டிய பெட்டியுடன் புகைவண்டியேறி ஊர்தோறும் சென்றனர். 1880இல் அப்பரீட்சை இலங்கைக்கும் வந்தது. யான் பயின்ற மிஷன் பாடசாலையின் மண்டபத்திலே, கேம்பிரிட்ஜ் சிரேட்ட பரீட்சையிற் சித்தியெய்தியோரின் பெயர் பொறித்த பலகை இன்றும் தொங்குகின்றது. அவர்தம் விடைத்தாள்கள் கப்பலேறிச் சென்றன. முடிவு வந்தபின் அதை ஐயுற எவருக்கும் வழியிருக்கவில்லை.

ஐயுற்றவர்கள் இங்கிலாந்திலேயே தோன்றினர். சேர் பிலிப் ஹாட்டொக், றோட்ஸ் ஆகிய இருவரும் 1935இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முன்பு ஒரே நடுத்தரப் புள்ளியைப் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்கள் அனுபவமிக்க பரீட்சகர்களிடம் கொடுக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின் அவர்களுள் 14 பேர் அதே தாள்களை மீண்டும் திருத்தினர். ஆக 210 தீர்ப்புகள். அவற்றுள் 92இல், சித்தி, திறமைச்சித்தி, சித்தியின்மை என்ற முடிவே மாறிவிட்டது! தாம் முன்னர் அளித்த தீர்ப்பைத் தாமே மாற்றினர். அவர்களை நேர்மையற்றவர் எனல் தகாது. வினாத்தாட் பெட்டிக்குப் பூட்டு இருந்தது. புள்ளி வழங்குவதற்குத் திட்டமான ஒழுங்கு போதவில்லை.

நிற்க. நம் நாட்டிலே தாய்மொழிக் கல்வி வந்தபின், சிங்கள விடைத்தாள்களை ஒரு குழுவினரும் தமிழ் விடைத்தாள்களை வேறொரு குழுவினரும் திருத்தலாயினர். 1970இல், தமிழ்ப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளியிட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் அது நிறுவப்படவில்லை. ஆயினும் மருத்துவத் துறைக்குச் சிங்கள மொழி மாணாக்கர் 229 புள்ளியும், தமிழ்மொழி மாணாக்கர் 250 புள்ளியும் பெறவேண்டும் என்றாயிற்று. அதன்பின் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் அப்பத்தாண்டின் இறுதியிற் கைவிடப்பட்டது. ஆனால் அது விளைத்த மனக்கசப்பை நம் மூத்தோர் அறிவர். ஐயம் எழுந்தவிடத்துச் செய்யத்தக்கது விடைத்தாளை மீண்டும் திருத்துவித்து உண்மை காண்பதே. அளவையே மாற்றுவது ஐயத்தைப் போக்காது, அதை வளர்க்கும்.

அண்மைக் காலத்திலும் இப்பாடம் மீண்டது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதினர். ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணாக்கன் எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதைக் காட்டும் இசட் புள்ளியை, இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்தனர். இரு கோல்களால் நிறுத்ததை ஒரு கோலால் நிறுத்ததாகக் கொண்டமை பிழையாயிற்று. 2012இல் உயர் நீதிமன்றம் தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. இம்முறை வழக்குத் தொடுத்தோர் மாணாக்கர். அளவை பற்றிய கேள்விக்கு வெளிப்படையான மறுமொழி கிடைத்தது.

பெயரை மறைக்கும் சுட்டெண், எல்லாப் பரீட்சகர்க்கும் பொதுவான புள்ளித்திட்டம், பிரதம பரீட்சகரின் மறுபார்வை, மாணாக்கர் வேண்டின் மீளாய்வு என்பன இத்தகைய அனுபவங்களின் பயனை உணர்த்தும் காவல்கள். இவற்றை வெறும் சடங்கு என எண்ணலாகாது.

இளைஞர்காள்! நம்முட் பலர் நாளை ஆசிரியராவர், சிலர் பரீட்சகராவர். நள்ளிரவு விளக்கின்கீழ்ப் படித்த ஒருவனின் உழைப்பு, முகமறியா ஒருவர் கையிலுள்ள சிவப்பு மையில் முடிகின்றது. அக்கை நம்முடையதாகும் நாளில், நாம் இட்ட புள்ளியைப் பிறர் சோதிப்பதை இழிவென்று கருதாதிருப்போமாக.